அரசுப் பள்ளிக்கு நிறுவன நிதி கேட்டுப் பெற்ற பதினான்கு மாதங்கள்

2024ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் மறுகட்டமைப்புச் செய்யப்பட்டபோது முன்னாள் மாணவர்களுக்கும் அவற்றில் இடம் அளிக்கப்பட்டது. அவ்வாறுதான் நான் பத்தாம் வகுப்பு வரை படித்த அரசு உயர்நிலைப் பள்ளியின் குழுவில் உறுப்பினரானேன். முதல் கூட்டத்தில், தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தாய் எழுந்து, எட்டாம் வகுப்பில் படிக்கும் தம் மகள் பள்ளி நாள்களில் காலை முதல் மாலை வரை தண்ணீரே குடிப்பதில்லை என்று சொன்னார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அங்கிருந்த எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. 197 மாணவியருக்கு இருந்த மூன்று கழிப்பறைகளில் ஒன்று பூட்டிக் கிடந்தது. மற்ற இரண்டுக்கும் வாளியில் தண்ணீர் சுமந்து செல்ல வேண்டியிருந்தது.

இதைச் செய்து தர வேண்டிய கடமை அரசுக்கு உண்டு என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை, பாதுகாப்பான குடிநீர், சுற்றுச்சுவர் ஆகியவை இடம்பெற்றுள்ளன. ஆனால் பள்ளியின் கைக்கு ஆண்டுதோறும் வரும் பராமரிப்பு மானியம் சிறு பழுதுகளுக்கும் எழுதுபொருளுக்குமே சரியாக இருக்கும். போதாததற்கு, அந்த ஆண்டு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒன்றிய அரசு தர வேண்டிய நிதி தமிழ்நாட்டுக்கு வராமல் நின்றிருந்தது. உரிமையைக் கேட்டுக்கொண்டே இருப்போம், அதுவரை பிள்ளைகளைக் காக்க வைக்காமல் வெளியிலும் கேட்போம் என்று குழு தீர்மானித்தது. இதில் சிலருக்குத் தயக்கம் இருந்தது. குழுவில் இருந்த மூத்தவர் ஒருவர்தான், காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் நெ.து.சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நினைவூட்டி, ஊர் மக்கள் பெஞ்சும் கரும்பலகையும் கொடுத்து வளர்த்தவைதான் நம் பள்ளிகள், கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை என்றார்.

அக்டோபர் மாதம் 23 நிறுவனங்களுக்குக் கடிதம் அனுப்பினோம். எழுதியவன் நான். எங்கள் பள்ளி ஏழை எளிய பிள்ளைகள் படிக்கும் பள்ளி, அடிப்படை வசதிகள் இல்லை, தங்களால் இயன்ற உதவியைச் செய்து தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம் என்ற வகையில் ஒரே கடிதத்தைப் பெயர் மட்டும் மாற்றி அனுப்பியிருந்தேன். இரண்டு மறுமொழிகள் வந்தன. ஒன்று, தங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது என்ற ஒற்றை வரி. மற்றொன்றின் பயனாக, அட்டையில் நிறுவனச் சின்னம் அச்சிட்ட 200 குறிப்பேடுகளும், அவற்றை மாணவர்கள் வாங்கும்போது படம் எடுக்க ஓர் ஒளிப்படக்காரரும் வந்து சேர்ந்தனர். அரசே விலையில்லாமல் பாடநூலும் குறிப்பேடும் கொடுத்துவரும் பள்ளியில் அந்த 200 குறிப்பேடுகளை யாருக்குக் கொடுப்பது, யாரை விடுவது என்பதுதான் தலைமையாசிரியைக்குப் பெரிய தலைவலியாயிற்று.

2025 ஜனவரியில், பள்ளியிலிருந்து 12 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஒரு தொழிற்சாலையின் சமூகப் பொறுப்புப் பிரிவு அலுவலரை நேரில் சந்திக்க வாய்ப்புக் கிடைத்தது. என் கடிதத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு அவர் கேட்டார்: "சார், இதுல எது வேணும், எவ்வளவு ஆகும், யார் கட்டுவாங்க, கட்டின பிறகு யார் பார்த்துக்குவாங்க, எதுவுமே இல்லையே. எங்க கமிட்டி முன்னாடி நான் எதை எடுத்துட்டுப் போறது?" அந்த நாற்பது நிமிடங்களில் நான் கற்றதை அதற்கு முன் யாராவது சொல்லியிருந்தால், 23 தபால் செலவு மிஞ்சியிருக்கும்.

அவர் விளக்கியவற்றின் சாரம் இது. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி ரூபாயோ, விற்றுமுதல் 1,000 கோடி ரூபாயோ, நிகர இலாபம் 5 கோடி ரூபாயோ அதற்கு மேலோ இருந்த நிறுவனம், கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். கல்வியும் சுகாதாரமும் அந்தச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் இருக்கின்றன. தான் இயங்கும் பகுதிக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் நிறுவனம் முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஆகவே சென்னையிலும் மும்பையிலும் உள்ள தலைமையகங்களுக்கு எழுதுவதைவிட, பள்ளியிலிருந்து பார்த்தால் புகைபோக்கி தெரிகிற ஆலைக்கு எழுதுவதே பொருத்தம். அதே வேளையில், எந்தப் பள்ளிக்குக் கொடுப்பது, கல்விக்குக் கொடுப்பதா மரம் நடுவதா என்பது நிறுவனத்தின் முடிவு. சட்டம் செலவிடச் சொல்கிறதே தவிர, நமக்குக் கொடுக்கச் சொல்லவில்லை.

காலமும் முக்கியம் என்பதை அவர்தான் உணர்த்தினார். ஆண்டுச் செயல்திட்டத்தை நிறுவனத்தின் சமூகப் பொறுப்புக் குழு பரிந்துரைத்து, இயக்குநர் குழு ஏற்க வேண்டும். அந்தத் திட்டத்தில் ஏறாத வேலைக்கு நடு ஆண்டில் பணம் ஒதுக்குவது கடினம். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கேட்டால் எளிதில் கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். செலவாகாத தொகையை முடிப்பதற்காக அவசரத்தில் கிடைப்பவை பெரும்பாலும் பைகளும் வண்ணப்பூச்சும்தான் என்பது என் கணிப்பு. ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டுக்கு ஜனவரியிலேயே திட்டத்தைக் கொடுத்துவிட வேண்டும்.

அடுத்த ஆறு வாரங்கள் அளவெடுப்பதிலேயே கழிந்தன. சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழு தயாரிக்க வேண்டிய பள்ளி மேம்பாட்டுத் திட்டம் எங்களிடமும் ஒன்று இருந்தது. முந்தைய ஆண்டுத் திட்டத்தின் தேதியை மட்டும் மாற்றிய பிரதி அது. அதைத் தூக்கி வைத்துவிட்டு, ஒரு பொறியாளரான முன்னாள் மாணவரின் துணையோடு புதிதாக எழுதினோம். 40 பேருக்கு ஓர் அலகு என்ற, ஒன்றிய அரசின் தூய்மைப் பள்ளித் திட்ட அளவுகோலைக் கொண்டு கணக்கிட்டபோது மாணவியருக்கு ஐந்து கழிப்பறைகள் தேவைப்பட்டன. ஆழ்துளைக் கிணற்றின் நீர்மட்டம், மேல்நிலைத் தொட்டியின் கொள்ளளவு, கழிவுநீர்த் தொட்டி அமையவேண்டிய இடம், மின் இணைப்பின் சுமை ஆகியவற்றையும் சேர்த்தோம். பள்ளியின் யுடைஸ் எண் (ஒவ்வொரு பள்ளிக்கும் தரப்படும் அடையாள எண்), மாணவர் எண்ணிக்கை, நிலம் பள்ளிக்குரியது என்பதற்கான ஆவணம், குழுவின் தீர்மானம், முதன்மைக் கல்வி அலுவலரின் தடையின்மைக் கடிதம், பொறியியல் பிரிவு சரிபார்த்த மதிப்பீடு ஆகியவை பின்னிணைப்பாயின. தடையின்மைக் கடிதத்துக்கு மட்டும் நான்கு முறை அலைந்தோம். மூன்றாம் முறை சென்றபோது, கோப்பு வேறொரு பிரிவில் இருக்கிறது என்றார்கள். அந்தப் பிரிவு எதிர் மேசைதான்.

தமிழ்நாடு அரசு 2022 டிசம்பர் 19 அன்று தொடங்கிய "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" திட்டத்தின் இணையதளத்திலும் தலைமையாசிரியை எங்கள் தேவையைப் பதிவேற்றினார். தனியாரும் நிறுவனங்களும் முன்னாள் மாணவர்களும் அரசுப் பள்ளிகளுக்கு உதவுவதற்காகவே உருவாக்கப்பட்ட இத்திட்டத்துக்கு டி.வி.எஸ். குழுமத்தின் வேணு சீனிவாசன் தலைவராகவும், சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்த் தூதராகவும் அறிவிக்கப்பட்டார்கள். தலைமையாசிரியரின் வங்கிக் கணக்கிலோ குழு உறுப்பினரின் கையிலோ எந்த நிறுவனமும் பணம் தராது, தரவும் கூடாது என்பதால், இத்தகைய பொதுவான வழி ஒன்று இருப்பது எங்களைப் போன்றோருக்கு நல்லது. எங்களுக்கு முன்வந்த தொழிற்சாலையோ வேலையைத் தானே நேரடியாகச் செய்து ஒப்படைக்க விரும்பியது. விதிகள் அதற்கும் இடம் தருகின்றன.

ஜூன் மாதம் அவர்கள் பள்ளியைப் பார்வையிட வந்தபோதுதான் உண்மையான பேச்சு தொடங்கியது. வந்தவர்களில் மூத்த அதிகாரி, திட்டத்தைப் புரட்டிவிட்டு, கழிப்பறைக்குப் பதிலாகப் பத்துக் கணினிகளும் திறன்மிகு வகுப்பறை (ஸ்மார்ட் கிளாஸ்) ஒன்றும் தரலாமே என்றார். அதற்கு ஒதுக்கீடு தயாராக இருப்பதாகவும், திறப்பு விழாவுக்கு இயக்குநரே வருவார் என்றும் சொன்னார். எங்களில் பாதிப் பேர் உடனே தலையசைத்துவிட்டோம். நானும் அசைத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. வந்த சீதேவியைத் திருப்பி அனுப்ப யாருக்கு மனம் வரும்? தலைமையாசிரியை அவர்களை நேராக மாடிக்கு அழைத்துச் சென்று, அரசு ஏற்கெனவே அமைத்துக் கொடுத்திருந்த உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தைத் திறந்து காட்டினார். "கம்ப்யூட்டர் இருக்கு சார். அதுல உட்கார வேண்டிய பொண்ணுங்க மாசத்துல மூணு நாள் வீட்டுல இருக்காங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவியரின் ஓராண்டு வருகைப் பதிவேட்டை அவர்கள் முன் வைத்தார். நாங்கள் எழுதிய எழுபது பக்கத் திட்டத்தில் அந்தப் பதிவேடு இல்லாமல் போனதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

அவர்கள் கழிப்பறைக்கு இசைந்த பிறகு, பராமரிப்பைப் பற்றிய பேச்சு இன்னும் கடினமாயிற்று. கட்டிக் கொடுப்பதோடு எங்கள் வேலை முடிந்தது என்பது அவர்கள் நிலை. இங்கே எனக்குக் கைகொடுத்தது ஒரு தணிக்கை அறிக்கை. 2014இல் தொடங்கிய தூய்மைப் பள்ளி இயக்கத்தில் மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் 1,40,997 பள்ளிக் கழிப்பறைகளைக் கட்டின. அவற்றில் ஒரு பகுதியை நேரில் ஆய்வு செய்த இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை 2020இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. ஆய்வு செய்யப்பட்ட கழிப்பறைகளில் 72 விழுக்காட்டில் உள்ளே ஓடும் தண்ணீர் இல்லை. 55 விழுக்காட்டில் கை கழுவும் வசதி இல்லை. அந்த இரண்டு எண்களை அச்சிட்டு எடுத்துச் சென்றேன். உங்கள் பெயர்ப்பலகை பூட்டிய கதவுக்கு மேல் தொங்க வேண்டுமா என்று கேட்கவில்லை. கேட்க நினைத்ததை அவர்களே புரிந்துகொண்டார்கள்.

வழியும் விதியிலேயே இருந்தது. நிதியாண்டைத் தாண்டி நடக்கும் வேலையை, தொடங்கிய ஆண்டு நீங்கலாக மூன்று ஆண்டுகள் வரை தொடரும் திட்டமாக ஒரு நிறுவனம் ஏற்கலாம். ஆண்டிறுதியில் செலவாகாத தொகையை 30 நாள்களுக்குள் அதற்கெனத் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். இதன்படி கட்டுமானத்தோடு மூன்று ஆண்டுகளுக்கான துப்புரவுப் பணியாளர் ஊதியம், தூய்மைப் பொருள்கள், குழாய்ப் பழுது ஆகியவற்றையும் ஒரே திட்டமாக்கினோம். மூன்று ஆண்டுகளுக்குப் பின் என்ன என்ற கேள்விக்கு, உள்ளாட்சி அமைப்பு பொறுப்பேற்கும் என்று எழுத்தில் வாங்கி இணைத்தோம். அந்த எழுத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதை அப்போதுதான் பார்க்க வேண்டும்.

ஆகஸ்டில் ஒப்புதல் வந்தது. காலாண்டு விடுமுறையில் வேலை தொடங்கி டிசம்பரில் முடிந்தது. கட்டுமானத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, நடுவில் மழை பெய்தது என்பதைத் தவிர. ஆனால் பெயர்ப்பலகைக்காக மூன்று கூட்டங்கள் நடந்தன. அவர்கள் கேட்ட அளவு, நுழைவாயிலில் உள்ள பள்ளியின் பெயரைவிடப் பெரியது. இறுதியில் இரண்டடிக்கு ஓரடிக் கல்வெட்டு ஒன்று கழிப்பறைச் சுவரில் பதிக்கப்பட்டது. மாணவியர் முகம் தெரியும்படி விளம்பரப் படங்கள் எடுக்கக் கூடாது என்பதைக் குழு தீர்மானமாகவே இயற்றிக் கொடுத்தது. குறிப்பேடு வாங்கிய நாளில் எடுக்கப்பட்ட படங்களில் தம் பிள்ளையைக் கண்ட ஒரு தந்தை என்னிடம் வந்து கேட்ட கேள்விதான் அதற்குக் காரணம்.

ஒப்படைப்பு ஆவணத்தை எளிதாக எண்ணிவிடக் கூடாது. நிறுவன நிதியில் உருவாகும் சொத்து யார் பெயரில் இருக்கலாம் என்பதை விதிகள் வரையறுக்கின்றன. அரசுப் பள்ளி, விதிகள் ஏற்கும் பொது அதிகார அமைப்பான அரசுத் துறையின் கீழ் வருவதால், கல்வித் துறையின் பெயரில் முறைப்படி பெற்றுக்கொண்டு, பள்ளியின் சொத்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால், பின்னாளில் ஒரு குழாய் மாற்றுவதற்குக்கூட அரசு நிதியைச் செலவிட முடியாது. நிறுவனத்தின் தரப்பில், கொடுத்த பணம் ஒப்புதல் பெற்ற நோக்கத்துக்கே செலவானது என்று அதன் நிதித் தலைவர் சான்றளிக்க வேண்டும். அதற்காக எங்களிடம் ஒவ்வொரு கட்டத்தின் படமும் கையொப்பமும் கேட்டார்கள். முதலில் தொல்லையாகத் தோன்றியது. தணிக்கைக்கு நாங்களும் அதே கோப்பைக் காட்டுகிறோம்.

இந்தப் பெரிய நிதிக்கு நடுவில் சொல்லாமல் விடக் கூடாத ஒருவர் இருக்கிறார். எந்தச் சட்டத்தின் கட்டாயமும் இல்லாத, நான்கு பேர் வேலை செய்யும் லேத் பட்டறை வைத்திருக்கும் எங்கள் முன்னாள் மாணவர், நீரேற்று மோட்டாரைத் தம் செலவில் வாங்கிப் பொருத்தினார். அது ஜனவரியில் பழுதானபோது, தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவுக்கு நாங்கள் அனுப்பிய மின்னஞ்சலுக்கு எண் ஒதுக்கப்பட்டு வருவதற்குள், அவர் சைக்கிளில் வந்து சரிசெய்துவிட்டுப் போனார். அவரிடம் நாங்கள் திட்ட அறிக்கை எதையும் கொடுத்ததில்லை.

இப்போது அதே நிறுவனத்திடம் சுற்றுச்சுவருக்கான திட்டத்தைக் கொடுத்திருக்கிறோம், இம்முறை வருகைப் பதிவேட்டையும் விபத்துக் குறிப்பையும் முன்பக்கத்தில் வைத்து. வடக்கு எல்லையில் இருந்த அளவுக்கல்லைக் காணவில்லை என்பதால் மதிப்பீடு நின்றிருக்கிறது. நிலத்தை அளந்து தரக் கோரி வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறோம்.