மாவு விழும் வேகம்

நவம்பர் 6
ஓவியர் அக்கா இன்று எங்கள் ஸ்டூடியோவுக்கு வந்தார். ஒரு ஹோட்டலின் வரவேற்பறைச் சுவரில் மார்கழி முழுக்க புரொஜெக்டர் சிக்குக் கோலம் போட வேண்டும். ஒரு நாள் போட்டது மறுநாள் வரக்கூடாது. யோசனை அவருடையது, நிரல் எங்களுடையது. வருவதில் பாதிப் பாதி. ஹோட்டலுக்கான கொட்டேஷனில் 40 சதவீதம் முன்பணம், இரண்டே திருத்தம் என்று எழுதினேன். போன வருடம் ஒரு வாடிக்கையாளரிடம் திருத்தத்துக்கு வரம்பு வைக்காமல் மூன்று மாத உழைப்பு வீணாய்ப் போனது.

நவம்பர் 9
கோடு சீக்கிரமே வந்துவிட்டது. ஒரு புள்ளிக்கு நாலு பக்கத்துப் புள்ளிகளோடும் இணைப்பு உண்டா, இல்லையா? அவ்வளவுதான் கேள்வி. மொத்தம் 16 வகைத் துண்டுகள், அடுக்கினால் கோலம். ஒரே இழையாக முடியாததை நிரல் தள்ளிவிடும். இதே தாம்பரத்தில், கிறித்துவக் கல்லூரியில் இருந்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் 1974லேயே கோலத்துக்குக் கணினி இலக்கணம் எழுதிவிட்டார்கள். அவர்கள் போட்ட தடத்தில் நடப்பது எனக்குப் பெருமை.

நவம்பர் 14
"கோலம் சரி தம்பி. கை எங்க?" என்றார் அக்கா. பெர்லின் நாய்ஸ் (தற்செயலான, ஆனால் வழுவழுப்பான ஏற்ற இறக்கம் தரும் கணக்கு) சேர்த்து, கோட்டை லேசாக நெளியவிட்டுக் காட்டினேன்.
"எனக்குக் கை நடுங்காது."
அப்புறம் பையிலிருந்து மாவு டப்பாவை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்க் குனிந்தார். நான் போனில் படம்பிடித்தேன்.

நவம்பர் 15
வீடியோவை மெதுவாக ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். விரலிடுக்கிலிருந்து மாவு ஏறக்குறைய ஒரே சீராகத்தான் விழுகிறது. வளைவில் கை நிதானிக்கிறது, அங்கே கோடு தடிக்கிறது. நேரே இழுக்கும்போது வேகம் கூடி மெலிகிறது. நெளிவுக்கு எழுதிய வரிகளை எல்லாம் அழித்துவிட்டு, வேகம் கூடினால் தடிமன் குறையும்படி எழுதினேன். பதினோரு வரிதான். இத்தனை வருடம் வாசலில் அம்மா போட்டதைப் பார்த்தும் இது என் கண்ணில் படவே இல்லை.

நவம்பர் 18
சுவரில் ஓடவிட்டோம். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. கோடு வளையும் இடத்தில் எல்லாம் அவருடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாவைத் தேய்ப்பதுபோல அசைந்தன.

சாயங்காலம் ஒப்பந்தத்தை மாற்றினேன். அவர் பங்கு இனி 60. "எதுக்குப்பா?" என்றார். வாசலில் போட்ட கோலத்துக்கு என்றேன்.