கால் ஆணின்னு சீவுறதுக்கு முன்னாடி

ராயபுரம் பக்கம், சதைத் துண்ட வெட்டி பாத்து நோய கண்டுபுடிக்கிற ஒரு பெத்தாலஜி லேப்ல பல வருஷமா டெக்னீஷியனா இருக்கேன். மெலனோமாங்கிற தோல் புற்றுநோய் (நிறமி செல்லுல வர்றது) எங்களுக்கு அடிக்கடி வராது, ஆனா வந்தா பெரும்பாலும் உள்ளங்கால், குதிகால், இல்லன்னா நகத்துக்கு அடியில இருந்துதான் வரும். வெள்ளக்காரங்களுக்கு வெயில் பட்ட தோல்ல வர்றது, நமக்கு வெயிலே படாத எடத்துல வருது, அதனால யாருக்கும் சந்தேகமே வராது, கால் ஆணின்னு நெனச்சு கார்ன் கேப் ஒட்டி பிளேடு வச்சு சீவிக்கிட்டே மாசக்கணக்கா ஓட்டிடுறாங்க.

காசிமேட்டுல மீன் விக்கிற ஒரு அம்மாவோட பையன் அம்மா கால்ல எடுத்த சதைய கெடாம ஃபார்மலின்ல போட்ட டப்பாவ கொண்டாந்தான். உள்ள பாத்தா மேலாப்ல சீவுன மெலிசான துண்டு, சுருண்டு கெடக்கு. கட் பண்ணி ஸ்லைடு போட்டா ஒரே கருப்பு, நிறமி அப்பிக்கிட்டு செல்லே தெரியல, பர்மாங்கனேட் ஊத்தி வெளுத்துட்டுதான் ஸ்டெயின் பண்ணேன். டாக்டர் பாத்துட்டு மெலனோமாதான்னாரு, ஆனா துண்டோட அடி விளிம்பு வரைக்கும் கட்டி ஓடுது, கீழ இன்னும் எவ்ளோ எறங்கிருக்குன்னு எப்படி சொல்றது? "குறைந்தது 1.6 மி.மீ."னு மட்டும்தான் எழுத முடிஞ்சுது. எனக்கு வயிறு எரிஞ்சுது.

ஏன்னா அந்த ஆழம்தான் எல்லாமே. 1970ல பிரெஸ்லோன்னு ஒரு பெத்தாலஜிஸ்ட் சொன்ன அளவு, இன்னிக்கும் அதத்தான் மொதல்ல பாக்குறாங்க. 1 மி.மீ.க்குள்ள இருந்தா பெரும்பாலான பேர் நல்லாயிடுவாங்க, 4ஐ தாண்டுனா ரொம்ப கஷ்டம். மேல்தோல் உடைஞ்சு புண்ணாயிருந்தா அதே ஆழமே இன்னும் மோசமா நடந்துக்கும். அப்புறம் தொடை இடுக்குல நெறிக்கு போயிருக்கா, நுரையீரல், மூளைன்னு பரவியிருக்கா, பரவியிருந்தா ரத்தத்துல எல்டிஎச்ங்கிற என்சைம் ஏறியிருக்கா, இதெல்லாம் சேத்துதான் கணக்கு. 2011க்கு அப்புறம் வந்த இம்யூனோதெரபி, அதாவது உடம்போட எதிர்ப்பு சக்தியவே புற்றுநோய் மேல ஏவி விடுற மருந்து, பரவுனவங்களுக்கும் நெறய வருஷம் குடுத்திருக்கு, ஆனா பாதத்துல வர்ற வகைக்கு அது மத்ததுக்கு கேக்குற அளவுக்கு கேக்குறதில்ல, அதான் சீக்கிரம் புடிக்கணும்னு அடிச்சுக்கிறேன்.

"அண்ணே, அம்மா பொழச்சுக்குமா?"ன்னான் பையன். அத நான் சொல்லக்கூடாது, சொல்லவும் தெரியாது. டாக்டரே சர்ஜன்கிட்ட போன் போட்டு பேசுனாரு, திரும்ப ஆழமா, அகலமா எடுத்து அனுப்புனாங்க. அதுல 2.8 வந்துச்சு, நெறில இல்ல. ரெண்டுல எது அதிகமோ அதத்தான் எடுத்துப்பாங்க, அதனால 2.8தான் அவங்க கணக்கு. மொத டப்பாவுலயே முழு ஆழத்தோட வந்திருந்தா நடுவுல போன வாரமெல்லாம் மிச்சமாயிருக்கும்.