கிரைண்டர் கல்லைத் தூக்கிய கதை

மாதவிடாய் நின்று ஆறு வருஷம் ஆகியிருந்தது. 56 வயதில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாவுக்கட்டு பிரித்த அன்று டாக்டர், “நின்ற இடத்தில் விழுந்ததுக்கெல்லாம் எலும்பு உடையக் கூடாதும்மா” என்று எலும்பின் அடர்த்தியை அளக்கிற டெக்ஸா ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். ஊசி கிடையாது, வலி கிடையாது, கொஞ்ச நேரம் அசையாமல் படுத்தால் போதும். முதுகெலும்பில் டி ஸ்கோர், அதாவது இளவயது எலும்போடு ஒப்பிட்டுச் சொல்கிற எண், மைனஸ் 2.8. மைனஸ் 2.5-க்கு வந்தாலே எலும்புப்புரை, எலும்பு மெலிந்து எளிதில் உடைகிற நோய்.

தினமும் முக்கால் மணி நேரம் நடக்கிறவள் நான். எனக்கா என்று அழுகையே வந்துவிட்டது. மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைந்தபின் எலும்பு கரைகிற வேகத்துக்குப் புது எலும்பு வளராது. நடை நல்லதுதான், ஆனால் எலும்புக்குப் பழகிய பாரத்தைவிடக் கூடுதல் பாரம் வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் பெண் விளக்கினாள்.

டாக்டர் எலும்புக்குக் கொடுத்த மாத்திரை வாரம் ஒன்று. வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு போட்டு, அரை மணி நேரம் படுக்காமல், காபிகூடக் குடிக்காமல் இருக்க வேண்டும்.

கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவதில் பயிற்சி தொடங்கியது. எட்டாவது தடவையே தொடை நடுங்கியது. பிறகு ஒரு கிலோ டம்பெல், அப்புறம் இரண்டு, மூன்று. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது, குதிகாலைத் தூக்கித் ‘தொம்’ என்று இறக்குவது.

அதற்கு முன் ஒரு யோகா வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். கால் விரலைத் தொடக் குனியச் சொல்வார்கள். இதைச் சொன்னதும் பிசியோதெரபிஸ்ட் பெண் பதறிப்போய் நிறுத்தச் சொன்னாள். எலும்பு மெலிந்தவர்கள் முதுகை வளைத்துக் குனிந்தால் முள்ளெலும்பு நசுங்கிவிடலாமாம். வகுப்பில் ஒருவரும் என் எலும்பைப் பற்றிக் கேட்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

“கிரைண்டர் கல்லை எப்படித் தூக்குவீங்க, செஞ்சு காட்டுங்கம்மா” என்றாள் ஒருநாள். நான் முதுகை வளைத்தேன். இடுப்பைப் பின்னால் தள்ளி, முழங்காலை மடக்கி, கல்லை வயிற்றோடு அணைத்து எழுந்திருக்கச் சொல்லிக் கொடுத்தாள். வெறுங்கையோடு ஒரு மாதம் பழகினேன். கை முறிந்ததிலிருந்து மருமகள்தான் மாவாட்டினாள். தீபாவளிக்கு முந்தின நாள் கல்லை நானே தூக்கிக் கழுவி வைத்தேன்.

ஒரு வருஷம் கழித்து அதே மெஷினில் ஸ்கேன்: மைனஸ் 2.6. மாத்திரையா பயிற்சியா என்று கேட்டேன். பிரித்துச் சொல்ல முடியாது, இரண்டையும் விடாதீங்க என்றார் டாக்டர். இப்போது நாலு கிலோ டம்பெல் தூக்குகிறேன்.