ஹார்வெஸ்டர் ரம்பத்தில் செயின் தளர்ந்த கதை: டென்ஷனரைப் பிரித்துப் பார்த்த அனுபவம்

நான் ஓய்வு நேரத்தில் பழுது பார்த்துவரும் பழைய ஹார்வெஸ்டர் (மரம் அறுக்கும் இயந்திரம்) ரம்பத்தில், ஐந்தாறு மரங்களை அறுப்பதற்குள் செயின் தளர்ந்து, அது சுற்றி ஓடும் தட்டையான பாரின் அடிப்பக்கத்தில் தொங்கத் தொடங்கியது. செயின் நீண்டுவிட்டது என்று முடிவு கட்டிப் புதியதை மாட்டினேன். அதுவும் அப்படியே தொங்கியபோதுதான் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் மீது சந்தேகம் வந்தது.

இந்த ரம்பத்தில் பாரைப் பிடித்திருக்கும் தாங்கி முன்னும் பின்னும் நகரக்கூடியது. அதன் பின்னால் உள்ள சிறிய ஹைட்ராலிக் பிஸ்டன் தாங்கியை முன்னே தள்ளிச் செயினை இறுக்குகிறது. உள்ளே போன ஆயில் திரும்பிவிடாதபடி ஒரு செக் வால்வு அதைத் தடுத்து நிறுத்துகிறது. ஆயில் நிற்கிறதா என்று அறிய, செயின் இறுகிய நிலையில் எஞ்சினை நிறுத்தி, தாங்கிக்கும் உடற்பகுதிக்கும் குறுக்கே பெயிண்டால் ஒரு கோடு போட்டேன். அரை மணி நேரத்தில் கோட்டின் இரு பாதிகளும் 3 மி.மீ. விலகியிருந்தன. பிஸ்டன் பின்வாங்குகிறது என்பதற்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

ரம்பத் தலையைத் தரையில் இறக்கி, லைனில் எஞ்சியிருந்த அழுத்தத்தை முழுவதும் வெளியேற்றிய பிறகே போல்ட்டில் கை வைத்தேன். ஊசித் துளையிலிருந்து பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும் என்பதால், கசிவைக் கையால் தடவித் தேடுவது கூடவே கூடாது. அட்டைத் துண்டு ஒன்றே போதும்.

தாங்கி நகரும் தடத்தில் மரத்தூளும் பிசினும் சேர்ந்து காய்ந்த களிமண் போல இறுகியிருந்தன. மரக்குச்சியால் சுரண்டி எடுத்தேன். பிஸ்டனில் ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் ஒரு பக்கம் தட்டையாகி, நகத்தால் அழுத்தியதும் வெடிப்பு விட்டது. செக் வால்வின் குண்டு அமரும் இடத்தில் மயிரிழை போன்ற உலோகச் சீவல் ஒன்று ஒட்டியிருந்தது. இரண்டில் எது முதன்மைக் காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. வால்வைக் கழுவி, புதிய ஓ-ரிங்கை ஆயிலில் நனைத்துப் பொருத்தி, காற்றை வெளியேற்றினேன். மறுபடி போட்ட கோடு ஒரு மணி நேரமாகியும் விலகவில்லை.

இறுக்கம் கூடினால் நல்லது என்று எண்ணுவதை நான் ஏற்பதில்லை. அளவுக்கு மீறி இறுகினால் பாரும் அதன் முனைச் சக்கரமும் சூடேறித் தேய்கின்றன. தளர்ந்தால் செயின் தடத்தை விட்டு விலகி அடிபடுகிறது. அடிபட்ட செயின் அறுந்தால், அதன் துண்டு துப்பாக்கிக் குண்டைப் போலப் பறக்கக்கூடும் என்பதால், பாரின் நேர்க்கோட்டில் எவரும் நிற்கக் கூடாது. புதிய செயின் ரிவெட்டுகள் படியும்வரை சற்று நீளும். ஆகவே முதல் சில வெட்டுகளுக்குப் பின் அதை மீண்டும் பார்த்தேன். சூட்டில் நீண்ட செயின் ஆறும்போது சுருங்கும் என்பதால் வேலை முடிந்ததும் இறுக்கத்தைத் தளர்த்திவிடுகிறேன்.

மோட்டார் பக்கத்தில் செயினை ஓட்டும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பற்களில் பள்ளம் விழுந்திருப்பதும் இப்போது கண்ணில் பட்டது. அடுத்த செயினை மாட்டுவதற்கு முன் அதை மாற்ற வேண்டும்.