ரேம் நிரம்பியிருக்கட்டும், டர்ட்டி பேஜைப் பாருங்கள்

வெள்ளவத்தையில் எங்கள் சின்ன அலுவலகத்துக்குப் புதிதாக வரும் தம்பிமார் எல்லாரும் லினக்ஸ் சேர்வரில் முதலில் அடிப்பது நினைவகம் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் 'ஃப்ரீ' கட்டளைதான், அடித்த கையோடு "அண்ணா, 32 ஜிபியில் மிச்சம் ஒன்றுகூட இல்லை, ரேம் வாங்கவேணும்" என்று ஓடி வருவார்கள். வாங்கத் தேவையில்லை. ரேமைச் சும்மா கிடக்க லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் விடாது, அவ்வளவுதான். ஒரு கோப்பை ஒருமுறை வாசித்தால் அதைப் பெரும்பாலும் 4 கேபி பேஜ்களாக நினைவகத்திலேயே வைத்துக்கொள்ளும், அடுத்தமுறை கேட்டால் டிஸ்க் பக்கமே போகாமல் கொடுக்கும், இதுதான் பேஜ் கேஷ். வேறு புரோகிராமுக்கு இடம் தேவைப்பட்டால் இவற்றைத் தூக்கிப் போட்டுவிடும். ஆகவே நீங்கள் பார்க்கவேண்டியது 'ஃப்ரீ' காட்டும் அட்டவணையில் 'அவைலபிள்' என்ற நிரலை.

எதைத் தூக்கிப் போடுவது என்பதில்தான் சூட்சுமம். இரவு பேக்கப் முழு டிஸ்க்கையும் வாசித்துவிட்டுப் போகும், அந்தப் பேஜ்களை அப்புறம் யாரும் தேடப்போவதில்லை, அதற்காகப் பகலெல்லாம் பாவிக்கிற பேஜ்களை வெளியே தள்ளினால் காலையில் எல்லாம் ஊரும். அதனால் லினக்ஸ் இரண்டு பட்டியல் வைத்திருக்கிறது: புதிதாக வந்தது 'இனாக்டிவ்' பட்டியலில் நிற்கும், மறுபடி தொட்டால்தான் 'ஆக்டிவ்' பட்டியலுக்கு ஏறும். இன்னும் ஒரு படி மேலே போய், தூக்கிப் போட்டவை எவை என்றும் ஞாபகம் வைத்திருக்கும், அவசரப்பட்டு எறிந்துவிட்டோமா என்று தெரிந்துகொள்ள; இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையின் கேஷும் இப்படித்தான். இவ்வளவு வேலையையும் கெர்னல் செய்ய, கிரோன் (நேரம் குறித்து வேலைகளைத் தானாக ஓட்டும் கருவி) போட்டு மணிக்கொரு தடவை கேஷைக் காலியாக்குகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சரி, இதெல்லாம் வாசிப்பு. கரண்ட் போனாலும் அந்தப் பேஜ்களால் நட்டமில்லை, அசல் டிஸ்க்கில் இருக்கிறது.

எழுதுவது அப்படியல்ல. புரோகிராம் எழுதியதை நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு "முடிந்தது" என்று கெர்னல் சொல்லிவிடும், டிஸ்க்குக்கு இன்னும் போகாத அந்தப் பேஜ்தான் டர்ட்டி பேஜ். வழக்கமான அமைப்பில் 5 செக்கனுக்கு ஒருமுறை கெர்னல் எழும்பி, 30 செக்கன் தாண்டியவற்றை எழுதும். கிடைக்கக்கூடிய நினைவகத்தில் 10 வீதம் டர்ட்டியானால் பின்னணியில் எழுதத் தொடங்கும், 20 வீதத்தை எட்டினால் எழுதுகிற புரோகிராமையே பிடித்து நிறுத்திவைக்கும். பென் டிரைவுக்குப் படம் கொப்பி பண்ணினால் சட்டென்று முடிந்ததாகக் காட்டிவிட்டு, கழற்றும்போது நிமிடக்கணக்கில் இழுப்பதும் இதனால்தான்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோது யூபிஎஸ் பற்றரிகள் எப்படிச் செத்தன என்று கொழும்பில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கரண்ட் போனால் டர்ட்டி பேஜும் போய்விடும். லினக்ஸின் கோப்பு முறைமையான ஈஎக்ஸ்டி4இல், மாற்றங்களைக் குறித்துவைக்கும் ஜேர்னல் இருக்கிறதே என்பார்கள். அது கோப்பு முறைமையின் கட்டமைப்பைக் காப்பாற்றும், கடைசி அரை நிமிடத்தில் நீங்கள் அடித்த பில்லை அல்ல. அதற்கு புரோகிராம்தான், "இப்போதே டிஸ்க்கில் எழுது" என்று கெர்னலிடம் சொல்லும் 'எஃப்சிங்க்'கைக் கூப்பிடவேண்டும்.

அதிலும் ஒரு குழி இருந்தது. எஃப்சிங்க் தோற்றால் மறுபடி கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தள மென்பொருள் காலங்காலமாக நம்பியிருந்தது, ஆனால் எழுதமுடியாமல் போன பேஜை லினக்ஸ் சுத்தமானது என்று குறித்துவிடுவதால் இரண்டாவது தடவை "வெற்றி" என்று வரும், தரவோ டிஸ்க்கில் இருக்காது. 2018இல் இது வெளிச்சத்துக்கு வந்தது, 2019 வெளியீடுகளிலிருந்து எஃப்சிங்க் தோற்றாலே போஸ்ட்கிரஸ் விழுந்து, மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைத்த பதிவேட்டிலிருந்து (லாக்) திரும்ப எழும்புகிறது. பழைய பதிப்பில் பில்லிங் ஓட்டுகிறவர்கள் ரேம் வாங்கும் காசுக்கு முதலில் அதை மாற்றுங்கள்.