கிணறு இறைக்கிற நாள்: இளைஞர் கழகத்துக்கு ஒரு செய்முறைப் பாடம்

திருகோணமலைப் பக்கத்துக் கிராமங்களில் இளைஞர் கழகம் என்றால் பெரும்பாலும் ஒரு கரப்பந்தாட்ட வலை, ஒரு பெயர்ப்பலகை, வருடத்துக்கு இரண்டு சிரமதானம். வீதியோரப் புல்லைச் செருக்கி, வரிசையாக நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு கலைந்துவிடுவார்கள். மூன்று கிழமையில் புல் திரும்ப முளைத்துவிடும். அதே பத்துப் பன்னிரண்டு பேர், அதே ஒரு சனிக்கிழமையில், ஊர்ப் பொதுக்கிணறு ஒன்றை முறையாக இறைத்துக் கழுவிக் குளோரின் இட்டால், வகுப்பறையில் வருடக்கணக்காக மனப்பாடம் செய்த கணக்கும் இரசாயனமும் அன்றைக்குத்தான் கைக்கு வரும். எப்படிச் செய்வது, எங்கே பிழைத்துப்போகும் என்பதை எழுதி வைக்கிறோம்.

காலம் முக்கியம். ஆவணிக் கடைசி, புரட்டாதி முதல். கச்சான் காற்று அடித்து ஓய்ந்து, நிலத்தடி நீர் ஆக அடியில் கிடக்கும் நாட்கள் அவை. ஒக்டோபரில் மழை பிடித்துவிட்டால் இறைக்க இறைக்க ஊறும், அடிச்சேற்றைக் கண்ணால் காணமுடியாது. கிராம உத்தியோகத்தருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குளோரின் தூளும், மீதிக் குளோரின் (நீரில் மிஞ்சி நிற்கும் குளோரின்) பார்க்கும் பெட்டியும் பரிசோதகரிடம் கேட்டுப் பார்க்கலாம். சுற்றுவட்ட வீடுகளுக்கு முதல்நாளே தண்ணீர் பிடித்து வைக்கச் சொல்லவேண்டும். இதை மறந்தால் காலை எட்டு மணிக்கே சண்டை தொடங்கும்.

முதல் வேலை அளப்பது. ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, நனைந்த நீளத்தைப் பார்த்தால் நீரின் ஆழம். குறுக்கே தடி வைத்து விட்டம். இரண்டையும் அடிக்கணக்கில் அளந்தால் சூத்திரம் இலகு: விட்டம் × விட்டம் × ஆழம் × 22. வருவது லீற்றர். ஐந்தடி விட்டம், ஆறடி நீர் என்றால் 5 × 5 × 6 × 22 = 3300 லீற்றர். அந்த 22 எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்க விடுங்கள். ஒரு கன அடி 28.3 லீற்றர், அதை π (பை) என்ற எண்ணின் நாலிலொன்றான 0.785 ஆல் பெருக்கினால் போதும். சாதாரணதரத்தில் உருளையின் கனவளவு படித்த பொடியன், அது கிணறு என்று இதுவரை யோசித்திருக்கமாட்டான்.

அடுத்தது உப்பு. நிலாவெளி, குச்சவெளி, மூதூர்க் கரையோர மணலில் நல்ல தண்ணீர் ஒரு மெல்லிய படையாக உவர்நீருக்கு மேலே மிதக்கிறது. உவர்நீர் பாரமானது, அடியில் நிற்கும். அதனால் மேல்நீரை வாளியில் மொண்டு ருசி பார்ப்பதால் ஒன்றும் தெரியாது. அடிநீர் எடுக்க ஒரு போத்தல் செய்யவேண்டும். கழகக் கொட்டிலில் அரைமணி நேரத்தில் செய்யலாம்: தடித்த பிளாஸ்ரிக் சோடாப் போத்தல் 500 மில்லிலீற்றர், வாய்க்கு இறுக்கமான தக்கை, தக்கையில் ஒரு நூல், போத்தலின் கழுத்தில் இன்னொரு கயிறு, அடியில் கல். பெரும்பாலான பிள்ளைகள் அரைக் கிலோக் கல்லைக் கட்டுவார்கள், போத்தல் மிதக்கும். அப்போதுதான் பாடம் தொடங்குகிறது. காற்று நிறைந்த போத்தல் அரைக் கிலோ நீரை விலக்குகிறது, கல்லும் நீருக்குள் தன் பாரத்தில் மூன்றிலொன்றுக்கு மேல் இழக்கிறது. ஆக, ஒரு கிலோவுக்குக் குறைந்த கல் சரிவராது. வேண்டிய ஆழத்துக்கு இறக்கித் தக்கை நூலைச் சுண்டினால் அந்த இடத்து நீர் உள்ளே போகும். கண்ணாடிப் போத்தல் வேண்டாம். கிணற்றுக்குள் உடைந்தால் பிறகு இறங்குகிறவனின் காலைத்தான் பதம்பார்க்கும்.

மேல்நீர், அடிநீர் இரண்டையும் சிறிய மின்கடத்துதிறன் மீற்றரால் பார்த்துக் கொப்பியில் எழுதுங்கள்; உப்புக் கூடினால் அதன் எண்ணும் கூடும். இறைக்கும்போது அரைமணிக்கொருமுறை அடிநீரைத் திரும்பப் பாருங்கள். எண் ஏறிக்கொண்டு போனால் பம்மை நிறுத்தவேண்டும், அவ்வளவுதான். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு கிழக்குக் கரையோரம் எங்கும் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். நல்ல எண்ணத்தில்தான். ஆனால் பல இடங்களில் உப்புக் குறையவில்லை, அடியிலிருந்த உவர்நீர் மேலே இழுபட்டது. மணலைக் கழுவிக் கொடுத்தது பிறகு வந்த மாரிமழைதான். தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் இந்தப் பயம் இல்லை. அங்கே கீழே கருங்கல், ஊற்றுத்தான் மெதுவாக வரும்.

பம்: இரண்டு அங்குலப் பெற்றோல் வாட்டர் பம் போதும். கிணற்றுக்குள் இறக்கவே கூடாது, அதை ஒரு படியில் வைத்து இறைக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. புகையிலுள்ள காபனோரொட்சைட்டு மணமில்லாதது, ஆளை அசையவிடாமல் கொல்லும். பம் கிணற்றுக் கட்டுக்கு வெளியே, காற்று வீசும் திசைக்குக் கீழ்ப்புறமாக நிற்கட்டும். பம்மிலிருந்து நீர்மட்டம் 23 அடிக்கு மேல் கீழே இருந்தால் அது இழுக்காது. ஆழம் சரியாக இருந்தும் இழுக்கவில்லையென்றால் உறிஞ்சுகுழாய் மூட்டில் காற்றுப் போகிறது: பழைய சைக்கிள் ரியூப்பை அரை அங்குலப் பட்டியாக வெட்டி இழுத்துச் சுற்றுங்கள். அதுவும் இல்லையென்றால் அடிவால்வில் சருகு சிக்கியிருக்கும். இறைக்கும் நீரைக் கிணற்றடியிலேயே ஓடவிட்டால் சுற்றி வந்து உள்ளேயே ஊறும். குறைந்தது 50 அடி தள்ளி ஒரு வாய்க்காலுக்கோ தென்னைக்கோ விடுங்கள்.

நுளம்புக் குடம்பிக்காகக் கிணற்றில் கப்பி மீன் விட்டிருப்பார்கள். முதலில் அவற்றை வாளியில் பிடித்து நிழலில் வையுங்கள், குளோரின் பட்டால் செத்துவிடும். (கப்பியைக் கழற்று என்று சொன்னால் ஒருவன் கயிறு ஓடும் கப்பியைக் கழற்றப் போவான், இன்னொருவன் மீன் வலையோடு வருவான். யாரிடம் எதைச் சொல்கிறோம் என்று பார்த்துச் சொல்லவேண்டும்.)

உள்ளே இறங்குகிறவர் பதினெட்டு வயதைத் தாண்டியவராக இருக்கவேண்டும். இடுப்பில் அல்ல, அக்குளுக்குக் கீழே நெஞ்சைச் சுற்றிக் கயிறு, மேலே இரண்டு பேர் பிடி. முதலில் ஒரு விளக்கை இறக்குங்கள், அணைந்தால் ஒருவரும் இறங்கவேண்டாம். அணையாவிட்டாலும் எல்லாம் சரி என்றில்லை: விளக்குக் காட்டுவது ஒட்சிசன் குறைவை மட்டும், காபனோரொட்சைட்டை அது காட்டாது. உள்ளே இருப்பவர் மயங்கினால் கயிற்றால் இழுக்கவேண்டும். காப்பாற்றுவதற்கென்று இரண்டாவது ஆள் குதிப்பதால்தான் கிணற்று விபத்துகளில் ஒன்றுக்கு இரண்டு சாவு விழுகிறது.

சேற்றை வாளியில் அள்ளி மேலே ஏற்றி, கிணற்றுச் சுவரின் வளையங்களைத் தும்புத் தூரிகையால் தேய்க்கலாம். ஆனால் அடியிலுள்ள பருமணலையும் சல்லியையும் வழித்தெடுக்காதீர்கள், அதுதான் வடிகட்டி. மணற்தரையில் வளையத்துக்குக் கீழே தோண்டினால் கிணறு இறங்கிவிடும். தேய்க்கும்போது குளோரின் வேண்டாம், மூடிய குழிக்குள் அந்த ஆவி மூச்சை அடைக்கும். ஆள் ஏறிய பிறகு, 10 லீற்றர் நீரில் 70 கிராம் தூள் கரைத்து மேலிருந்து சுவரைச் சுற்றி ஊற்றினால் போதும்.

கிணற்றில் நீர் ஊற விடும் நேரத்தில் பிள்ளைகள் சும்மா இருக்கக்கூடாது. கயிற்றில் அடையாளமிட்டுப் பத்து நிமிடத்துக்கொருமுறை நீர்மட்டம் பார்க்கவேண்டும். ஐந்தடிக் கிணற்றில் அரைமணியில் மூன்று அங்குலம் ஏறினால் ஏறத்தாழ 137 லீற்றர், மணிக்கு 275. இந்தக் கிணற்றை நம்பி எத்தனை வீடு இருக்கலாம், தோட்டத்துக்குப் பம் வைக்கலாமா என்ற ஊர்ச் சண்டைக்கு அந்த ஒரு எண் பதில் சொல்லும்.

நீர் பழைய மட்டத்துக்கு வந்து தெளிந்த பிறகே குளோரின். கலங்கலில் போட்டால் சேறே அதைத் தின்றுவிடும். புதிய தூளில் ஏறத்தாழ 30 வீதம் குளோரின். சுத்திகரிப்புக்கு லீற்றருக்கு 20 மில்லிகிராம் வேண்டும்: 3300 லீற்றருக்கு 66 கிராம் குளோரின், அதாவது 220 கிராம் தூள். கரண்டிக் கணக்கு வேண்டாம், சிறிய தராசு ஒன்றைக் கழகக் காசில் வாங்குங்கள். தூளைக் கொஞ்ச நீரில் களியாகக் குழைத்து, பிறகு வாளி நிறைய நீர் சேர்த்துக் கலக்கி, கால்மணி நேரம் அடைய விடவேண்டும். மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள், அடியில் நிற்பது சுண்ணாம்பு. ஊற்றிய பிறகு வெறும் வாளியைக் கிணற்றின் அடிவரை இறக்கி ஏற்றி இருபது தடவையாவது கலக்குங்கள். பின்னேரத்தில் செய்வது நல்லது, வெயில் குளோரினைக் கெடுக்கும். அரைமணி நேரம் கட்டாயம், இரவு முழுதும் விட்டால் இன்னும் நல்லது.

போன வருடம் பிரித்த பையில் மிச்சமிருக்கும் தூளை நம்பாதீர்கள். ஈரம் பட்டுக் கட்டிபட்ட தூளில் வலு பாதியும் இருக்காது. தகரப் பேணியில் வைத்தால் பேணியும் துருப்பிடிக்கும். மலசலகூடம் கழுவும் அமிலத்துக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் கிளம்புவது நச்சுவாயு.

மறுநாள் காலை நீரை அள்ளி வெளியேற்றி, மீதிக் குளோரின் லீற்றருக்கு 0.5 மில்லிகிராமுக்குக் கீழே வந்ததும் பாவனைக்கு விடலாம். கரையோரக் கிணற்றில் இதற்குப் பம் வேண்டாம், வாளியால் மெல்ல மெல்ல. அதன்பின் வழமையான குளோரின் ஆயிரம் லீற்றருக்கு 2.5 கிராம் தூள்தான். 220 கிராமை ஒவ்வொரு மாதமும் போட்டால் ஊரே அந்தக் கிணற்றை விட்டு ஓடும்.

கிணற்றுக் கட்டிலே வெடிப்பிருந்தால் ஒரு பங்கு சீமெந்து, மூன்று பங்கு மணல். கடல்மணலைத் தொடாதீர்கள். பூசியதை ஈரச்சாக்கால் ஏழு நாள் மூடி வையுங்கள், இந்தக் காற்றில் ஒரு நாள் காயவிட்டாலே மயிர்வெடிப்பு விழும். வெடிப்பு அடைபட்டும் நீர் திரும்ப அசுத்தமானால் பக்கத்து மலசலகூடக் குழியைப் பாருங்கள். 30 மீற்றர் இடைவெளி என்பது வழிகாட்டல், சிறிய வளவுகளில் அது கிடைக்காது. அப்படியான கிணற்று நீரைக் குடிக்கிறவர்கள் கொதிக்கவைத்தே குடிக்கவேண்டும். குளோரினால் உப்பும் போகாது, பயிருக்கு அடித்த கிருமிநாசினியும் போகாது. இதைக் கிணற்றடியில் கூடிநிற்கும் அக்காமாருக்குக் கழகத்தின் சார்பில் யாராவது ஒருவர் வாய்விட்டுச் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் மருந்து போட்டாயிற்று, இனி எல்லாம் சரி என்றுதான் நினைப்பார்கள்.

ஏழாம் நாள் அதே போத்தல், அதே மீற்றர், அதே கொப்பியோடு திரும்பப் போங்கள். நீர் பழைய நிலைக்கு வந்திருந்தால் மீன்களைத் திரும்ப விடலாம். வளையத்தின் உட்புறம், நீருக்கு மேலே, வர்ணத்தால் திகதியையும் ஆழத்தையும் எழுதுங்கள். எழுதுகிறவருக்கும் நெஞ்சில் கயிறு கட்டவேண்டும்.