காக்கா எடுத்துச்சா, தம்பி?

அப்பாவுக்குத் தலைத்திதி. விடிந்ததும் குளித்து, ஈர வேட்டியோடு பால்கனிக்குப் போய், வாழையிலைத் துண்டில் சோறு, பருப்பு, வடை வைத்து, தண்ணீர் சுற்றிவிட்டு, "கா… கா…" என்று கூப்பிட்டேன். மன்னார்குடியில் என்றால் இரண்டாவது "கா" வாயிலிருந்து வருவதற்குள் கைப்பிடிச் சுவரில் நாலு உட்கார்ந்திருக்கும். கோஸ்டா ரிகாவின் எரேதியாவில் ஒன்றும் வரவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். எதிர்வீட்டு ஜன்னல்தான் திறந்தது. அந்த வீட்டுத் தோன்யா (பெரிய மனுஷிகளை இங்கே அப்படித்தான் மரியாதையாகச் சொல்ல வேண்டும்) என்னையும் வேட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உடம்புக்கு ஏதும் முடியவில்லையா என்று கேட்டார்.

மறுநாள் ஆபீசில் சிரித்து முடித்த பிறகுதான் விளக்கினார்கள். நம் வீட்டுக் குழந்தைகள் 'கக்கா வருது' என்று சொல்வார்களே, ஸ்பானிஷ் குழந்தைகளும் அதற்கு 'காகா' என்றுதான் சொல்கிறார்கள். காலை ஆறரை மணிக்கு ஈர வேட்டியோடு நின்று ஊரையே கூட்டி நான் அறிவித்தது அதைத்தான்.

ஆனால் அன்றைக்கு எனக்கு வெட்கப்பட நேரமில்லை. கைபேசித் திரையில் அம்மா. அங்கே மாலை ஆறு மணி. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். "காக்கா எடுத்துச்சா, தம்பி?" "இப்ப வந்துரும்மா." கால் மணி கழித்து அதே கேள்வி. முக்கால் மணி கழித்து ஓர் அணில் வந்தது. முதுகில் மூன்று கோடெல்லாம் இல்லாத, நம் அணிலைவிட இரண்டு மடங்கு பெரிய அணில். வடையை இரு கையாலும் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்தபடியே தின்றது.

"எடுத்துருச்சும்மா" என்றேன். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போனார். திதி அன்று சொன்ன பொய்.

எட்டு மாதமாக இந்த ஊரில் இருக்கிறேன். காக்கா இல்லை என்பது கண்ணில் படவே இல்லை. காக்காயை யார் கவனிக்கிறார்கள்? தமிழ்நாட்டில் பாதிகூட இல்லாத நாடு இது, 51,100 சதுர கிலோமீட்டர்தான். அதற்குள் 900க்கு மேல் பறவை இனங்கள். அவற்றைப் பார்ப்பதற்கென்றே உலகம் முழுவதிலுமிருந்து கழுத்தில் பைனாகுலரோடு வந்து இறங்குகிறார்கள். 900 இருந்து என்ன, எனக்கு வேண்டிய ஒன்று இல்லை. ரேவன் என்கிற பெரிய காக்கை வட அமெரிக்காவிலிருந்து மலை வழியாக இறங்கி, நிகராகுவாவின் வடக்கு வரை வந்து நின்றுவிட்டது. அதற்குத் தெற்கே, தென்னமெரிக்காவின் கடைசி முனை வரை, இயற்கையாகக் காக்கை கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்ட வேலைக்கென்று கயானாவுக்கும் மார்த்தினிக்குக்கும் கப்பலேறிய நம்மவர்கள் அமாவாசைச் சோற்றை எதற்கு வைத்திருப்பார்கள் என்று இரண்டு ராத்திரி யோசித்தேன்.

சரி, பதவி காலி. யாருக்காவது கூடுதல் பொறுப்பு கொடுக்கலாம் என்று தேட ஆரம்பித்தேன்.

நிறத்தை வைத்துப் பார்த்தால் சொப்பிலோத்தே. கறுப்புக் கழுகு. நம்மூரில் பிணந்தின்னிக் கழுகைப் பார்த்து எத்தனையோ வருடமாகிறது. இங்கே ஊர் நடுவில் தகரக் கூரைகளில் சிறகை விரித்து வெயில் காய்கிறது. அதற்குக் குரல் உறுப்பே இல்லை, 'உஸ்' என்று மூச்சுவிடத்தான் தெரியும். அம்மாவிடம் போய்க் கழுகு எடுத்துச்சு என்று சொல்ல முடியுமா?

சொந்தபந்தத்தை வைத்துப் பார்த்தால் உர்ராக்கா. காக்கைக் குடும்பத்தில் ஜே என்றொரு கிளை உண்டு, அதுதான் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. குவானகாஸ்தே கடற்கரை ஓட்டலில் என் தட்டிலிருந்தே ஒரு துண்டைத் தூக்கிக்கொண்டு போனது. நீல முதுகு, தலையில் முன்பக்கம் சுருண்ட கொண்டை. குணம் காக்கா, அலங்காரம் மயில். இதில் பெண் பிள்ளைகள் பிறந்த வீட்டிலேயே தங்கி அம்மாவின் அடுத்த குஞ்சுகளுக்கு இரை ஊட்டும். ஆண்கள்தான் வீட்டை விட்டு வேறிடம் போய்விடும். எரேதியாவில் இது என் கண்ணில் படாதது நல்லதாயிற்று. அந்தச் சமாசாரத்தை அம்மாவிடம் சொன்னால் யாரை நினைத்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியும்.

திதியன்று பின்னால் ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது, "குயிலா அது?" என்று அம்மாகூடக் கேட்டார். அது யிக்விர்ரோ. 1977இல் இதைத்தான் தேசியப் பறவையாக்கினார்கள். கெத்சால், பஞ்சவர்ணக் கிளி என்று வண்ணவண்ணமாக வைத்துக்கொண்டு, தவிட்டுக்குருவி நிறத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்த நாட்டின் மேல் எனக்குத் தனி மரியாதை. வீட்டுப் பக்கத்திலேயே இருக்கும், நன்றாகப் பாடும், அவ்வளவுதான் தகுதி. மழையை இதுதான் கூப்பிடுகிறது என்கிறார் தோன்யா. பக்கத்து நாடான பனாமாவில் ஆராய்ந்தவர்கள் வேறு கதை சொல்கிறார்கள்: இரை குறைவான வறண்ட மாதங்களிலேயே இது கூடு கட்டத் தொடங்கிவிடுகிறது, மழை பிடித்துவிட்டால் முட்டையையும் குஞ்சையும் திருடித் தின்பவை அதிகமாகிவிடும். பசியா, திருட்டா என்று பார்த்துப் பசியைத் தேர்ந்தெடுக்கிறது. எப்படியோ, புழுவும் பழமும்தான் இதற்கு. சோற்றை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

இதற்குள் ஊர் பழகிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். காலையில் 'காய்யோ பிந்தோ' சாப்பிடுகிறேன். பெயருக்குப் 'புள்ளிச் சேவல்' என்று பொருள், உள்ளே சேவலும் இல்லை ஒன்றும் இல்லை, சோறும் கறுப்புப் பயறும்தான். வாழையிலையைச் சந்தையில் வாங்குகிறேன். கிறிஸ்துமஸுக்குத் தமால் கட்டுவதற்கு அவர்களுக்கும் அது வேண்டும். ஸ்பானிஷில் பேரம் பேசுகிறேன். ஊர் ஞாபகமே வருவதில்லை, ஆபீஸ் கேன்டீனில் டப்பாவைத் திறக்கும் அந்த ஒரு நிமிடம் தவிர. அப்பா முதல் கவளத்தை உருட்டிக் கொல்லைச் சுவரில் வைத்துவிட்டுத்தான் தட்டில் கை வைப்பார். கால் ஊனமான ஒரு காக்கா அதற்காகவே வரும். அது சாப்பிட்டு முடிக்கும்வரை மற்றதை விரட்டிக்கொண்டு நிற்பார், சாம்பார் ஆறிப்போகும், அம்மா கத்துவார். கடைசி வாரத்தில் அவரை வாட்ஸ்அப்பில்தான் பார்த்தேன். இரண்டு விமானம் மாறி நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

கடைசியில் பதவிக்கு வந்தது சனாத்தே. இத்தனை நாளாகக் கண்ணெதிரே இருந்த பறவை. சாயங்காலம் மாதா கோயிலுக்கு எதிரே உள்ள பூங்கா மரங்களில் நூற்றுக்கணக்கில் வந்து அடையும். துருப்பிடித்த கிணற்றுக் கப்பி, விசில், கண்ணாடியில் நகம் கீறுவது என்று எல்லாச் சத்தமும் அதனிடம் உண்டு. ஆண் நல்ல கறுப்பு, வெயில் பட்டால் ஊதா மினுங்கும், வால் படகின் அடிப்பாகம் மாதிரி மடிந்து நீண்டிருக்கும். பெண் பழுப்பு. காக்கைக்கு இது உறவே இல்லை. ஒரொபெந்தோலா என்று ஒன்று, நம் தூக்கணாங்குருவி மாதிரி, ஆனால் முழ நீளத்துக்கும் மேலே பை பையாகக் கூடு கட்டித் தொங்கவிடும், அந்தக் குடும்பம். அந்தக் கூட்டில் திருட்டு முட்டையிடும் பெரிய கௌபேர்டும் அதே குடும்பம்தான். நம்மூரில் காக்காயை ஏமாற்ற வேற்று ஜாதிக் குயில் வர வேண்டும். இங்கே எல்லாம் சொந்தத்துக்குள்ளேயே.

சனாத்தே என்ற பெயர் மெக்சிகோவின் பழைய நாவாட் மொழியிலிருந்து வந்தது. ஆஸ்டெக் அரசன் ஆவித்சோத்ல் தலைநகருக்கு வரவழைத்து, ஊட்டி வளர்த்து, யாரும் கல்லெறியாமல் காப்பாற்றிய பறவை ஒன்று உண்டு. அது சனாத்தேதான் என்று கருதப்படுகிறது. அப்போது அதற்குப் பெயரே 'தெய்வச் சனாத்தே'. கலிஃபோர்னியாவில் சிலவற்றைப் பிடித்து, தண்ணீர் ஊற்றிய குழாய் ஒன்றில் இரையை மிதக்கவிட்டு, பக்கத்தில் லேசான பொருளும் கனமான பொருளும் வைத்துச் சோதித்திருக்கிறார்கள். பழக்கிய பிறகு, லேசானதை விட்டுக் கனமானதை எடுத்துப் போட்டு நீர்மட்டத்தை ஏற்றியவை உண்டு. ஒன்றாம் வகுப்பில் குடத்தில் கல் போட்ட நம் காக்கா செய்த அதே வேலை. இதற்கு மேல் என்ன தகுதிச் சான்றிதழ் வேண்டும்?

ஆடி அமாவாசை. மழைக்காலம்தான், ஆனால் இங்கே காலையில் வெயிலடிக்கும், மதியத்துக்கு மேல்தான் கொட்டும். இலை போட்டுவிட்டு, கூப்பிடாமல் சும்மா நின்றேன். எதிரே தோன்யா வழக்கம்போலக் குருவிகளுக்குப் பப்பாளித் துண்டு வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உதட்டைக் குவித்து 'ப்ஸ், ப்ஸ்' என்றார், இப்படிக் கூப்பிடு என்பதுபோல.

ஓர் ஆண் சனாத்தே கம்பியில் இறங்கியது. இன்னொன்று வந்தது. இரண்டும் அலகை நேரே வானத்துக்குத் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றன. அதுதான் அவற்றின் முறைப்பு. பின்னால் வந்தது போய்விட்டது. நம் காக்காயாக இருந்தால் கரைந்து எல்லாரையும் அழைத்திருக்கும். இது தனியாக இலைக்கு வந்து, சோற்றைக் கிளறி, வடையைக் குத்திப் பார்த்தது.

"எடுத்துருச்சும்மா, பாருங்க." இந்தத் தடவை கேமராவைத் திருப்பினேன்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "வால் ஏன் இவ்ளோ நீளமா இருக்கு?"

"இந்த ஊர் காக்கா அப்படித்தாம்மா."

"கண்ணு மஞ்சளா இருக்கே."

"ரெண்டு கண்ணும் மஞ்சள்தாம்மா இதுக்கு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அப்பாவுக்கும் கடைசில கண்ணு இப்படித்தான் மஞ்சளா இருந்துச்சு" என்றார். "நீ போன்ல பாத்தது சரியாத் தெரிஞ்சிருக்காது."

சனாத்தே வடையைக் கவ்விக்கொண்டு பறந்தது.

"சரி தம்பி, நான் சாப்பிடப் போறேன்."